குப்பம்மா அக்காவின் மூக்கு

என் பெயர் சங்கவி. சிறுசேரிப் பக்கத்தில் ஒரு மாலில், மூன்றாம் மாடி ஃபுட் கோர்ட்டில் புகை ஐஸ்கிரீம் விற்கிறேன். நைட்ரஜனை ஊற்றினால் கிண்ணத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பும். ஐ.டி. கம்பெனி ஆட்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு மூக்கு வழியாகப் புகை விட்டுப் போட்டோ எடுப்பார்கள். ருசி எப்படி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இது என்னைப் பற்றிய கதை இல்லை, குப்பம்மா அக்காவைப் பற்றியது. ஆனால் நடுவில் நான் வருவேன். நல்ல விதமாக வரமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா எங்கள் ஃபுட் கோர்ட்டில் ஹவுஸ்கீப்பிங். ஐம்பத்திரண்டு வயது. பச்சை யூனிஃபார்ம், தலையில் வலைத்தொப்பி, வாயில் மாஸ்க். சாப்பிட்டவர்கள் எழுந்து போனதும் தட்டை எடுத்து, மிச்சத்தைக் குப்பையில் தட்டி, மேஜையைத் துடைப்பார். தட்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், பால் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையாக நின்றேன். பத்தடி தள்ளி மேஜை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ பொண்ணே, உன் பாலு திரிஞ்சிகினு கீது."

நாக்கில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சொன்னாரே என்று தனியாக எடுத்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரித் திரியாகப் போயிற்று. அதை யாருக்காவது ஊற்றிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என் வேலையைக் காப்பாற்றியது அக்காவின் மூக்கு.

அந்த மூக்குக்கு முப்பது வருடப் பழக்கம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கல்யாணமான மறு வருடமே மீன் கூடையைத் தலையில் ஏற்றியவர். திருப்போரூரில் எங்கள் தெருவுக்கே வந்து விற்றிருக்கிறார். கிருத்திகை அன்றைக்குத் திருப்போரூரில் ஒரு மத்தி கூடப் போணியாகாது என்று, அன்று மட்டும் பஸ் ஏறி பொத்தேரி போய் ஹாஸ்டல் சமையல்காரர்களிடம் விற்பாராம். கரையில் ஏலம் ஆரம்பிக்கும் முன் மற்றப் பெண்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். செவுளைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்து "நேத்து மீனு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்தக் குவியலை யாரும் கேட்கமாட்டார்கள். கணவர் பக்தவச்சலம் மாரடைப்பில் போய் எட்டு வருடம் ஆகிறது. மகன் பெயர் அரசு, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான், தங்கமான பையன். முழங்கால் தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போன பிறகு, சும்மா குந்தியிருக்கப் பிடிக்காமல் அக்கா காண்ட்ராக்டில் மாலுக்கு வந்தார். சோற்றுக்கு இல்லாமல் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை மாறினாலும் பழக்கம் மாறவில்லை. மற்ற மிச்சத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிறவர், தட்டில் மீன் இருந்தால் மட்டும் ஒரு நொடி நிற்பார். மாஸ்க்கை இறக்கி, தட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, "நாலு நாளு" என்பார், இல்லையென்றால் "ஆறு நாளு" என்பார். ஐஸில் கிடந்த கணக்கு அது. பிறகு குப்பையில் தட்டிவிடுவார். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை. எத்தனை நாள் சொல்லப்போகிறார் என்று கடைப் பிள்ளைகள் நாங்கள் பந்தயம் கூடக் கட்டுவோம். ஒரு நாளும் ஒரு துண்டு அவர் வாய்க்குப் போனதில்லை. எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹரிசங்கர் வந்தான். ஊர் ஊராகச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவன். தன்னைக் ‘கடலோரப் பையன்’ என்று சொல்லிக்கொள்வான். வீடு செங்கல்பட்டில். செங்கல்பட்டில் கடல் எங்கே இருக்கிறது, ஏரிதான் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் மால் முழுவதையும் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். கீழே காபி கடையில் ஆரம்பித்து, இரண்டாம் மாடியில் வாஃபிள், மோமோ, அப்புறம் எங்கள் மாடியில் ‘அலைத்தட்டு’ என்ற மீன் கடை. ஒவ்வொரு கடையிலும் இரண்டு வாய் சாப்பிட்டு, "வேற லெவல் மக்களே" என்று கண்ணை மூடித் தலையை ஆட்டிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவான். அலைத்தட்டில் வஞ்சிரம் வறுவல் வாங்கி, "இன்னைக்குக் காலைல மாமல்லபுரத்துல புடிச்சது" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். அதிலும் இரண்டே வாய்தான்.

கடைசியாக என் கடைக்கு வந்தான். நான் புகையை ஊற்றிக்கொடுத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தேன். அவனுடைய வீடியோவில் வரப்போகிறோம் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அந்த நேரத்தில் அக்கா, அவன் விட்டுவந்த வஞ்சிரத் தட்டை எடுத்து, மாஸ்க்கை இறக்கி மோந்து பார்த்தார். அவன் போனை அந்தப் பக்கம் திருப்பினான். அக்கா தட்டைக் குப்பையில் தட்டியதையும் அவன் பார்த்தான். நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

மறுநாள் வீடியோ வந்தது. இருபது விநாடி. முதல் இரண்டு விநாடி நான், புகைக்கு நடுவில் ஈ என்று இளித்துக்கொண்டு. அப்புறம் பக்கவாட்டில் அக்கா, முகத்தருகே தட்டு. அங்கேயே வெட்டிவிட்டான். பின்னால் சோகமாகப் புல்லாங்குழல். அதன்மேல் அவன் குரல்: "பசி எவ்ளோ கொடுமை பாருங்க மக்களே. நாம வேஸ்ட் பண்ற சாப்பாடு இந்த அம்மாவுக்கு விருந்து. மனசு உடைஞ்சிருச்சு." திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டான். பரிதாபப்பட்டதற்காக நாலு லட்சம் பேர் அவனைக் கும்பிட்டார்கள், ‘நல்ல மனசு ப்ரோ’ என்று.

மூன்று நாள் ஃபுட் கோர்ட்டில் அக்காவுக்கு நடந்ததை என்னால் மறக்க முடியாது. கடித்த பர்கரை நீட்டினார்கள். பொத்தேரி காலேஜ் பெண் ஒருத்தி, கண்ணில் நீரோடு, பாதி வாஃபிளை அக்கா கையில் திணித்து, "சாப்பிடுங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்றாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. செக்யூரிட்டி காசிநாதன் அண்ணன்தான் போனை எடுத்துக் காட்டினார். அக்கா இரண்டு முறை பார்த்தார்.

"நான் துன்னவே இல்லியே" என்றார்.

மூன்றாம் நாள் மேனேஜர் பார்த்தசாரதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாலின் பெயர் கெட்டுவிட்டது என்று மேலிடத்திலிருந்து பேசினார்களாம். "நீதானே எதிர்ல நின்னே. அந்தம்மா சாப்பிட்டாங்களா, இல்லையா? சொல்லு" என்றார்.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கடையை விட்டுவிட்டுப் படம் எடுக்க இடம் கொடுத்தது யார் என்று என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு விநாடிக்காகத் தோழிகள் எனக்கு நூறு செய்தி அனுப்பியிருந்தார்கள், எனக்கு அந்த வீடியோ பிடித்திருந்தது. அன்று மாலையே அக்காவை நிறுத்திவிட்டார்கள். யூனிஃபார்மைத் துவைத்து, மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்று காசிநாதன் அண்ணன் சொன்னார். மறுநாளும் நான் வேலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டேதான் நின்றேன்.

வீடியோ வந்து பதினாறாம் நாள், எஸ்கலேட்டரில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி ஏறி வந்தார். தலை நிறைய மல்லிப்பூ, மூக்கில் எட்டுக்கல் பேசரி. நேராக என் கடைக்கு வந்து நின்ற பிறகுதான் அக்கா என்று தெரிந்தது.

"ஒரு ஐஸு குடு."

"அக்கா, உங்களுக்குக் காசெல்லாம் வேணாம்."

"டப்பு குடுத்துதான் துன்னுவேன். எல்லாரும் பாக்கட்டும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். புகை அடங்கிய பிறகு ஒரு வாய் எடுத்தார்.

"கரைல எம்மவன கேக்கறானுங்கோ, ‘இன்னாடா அரசு, ஆத்தாளுக்கு சோறு போடறது இல்லியா’ன்னு. ஏலம் வுடற எடத்துல, பொம்பளைங்க முன்னாடி. இனிமே என்னைய எவ மோந்து பாக்க கூப்புடுவா? அத்தகூட வுட்டுட்டேன். வூட்டுக்கு வந்து எம்மவனே கேட்டான், ‘நெசமா துன்னியாமா?’ன்னு." அக்கா ஸ்பூனை வைத்தார். "நான் பெத்தவன் கேக்கறான், சங்கவி. அன்னிலேர்ந்து அவங்கூட பேச்ச நிறுத்திட்டேன். சோறு போடறேன், பேசறது இல்ல."

"இப்ப என்னக்கா செய்யலாம்?"

"அவன் வாயால சொல்லணும். எங்க கரைல, ஏலம் நேரத்துல, எம்மவன் முன்னாடி. குப்பம்மா துன்னலன்னு சொல்லணும்."

அன்றைக்கே நான் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். அந்த அம்மா சாப்பிடவில்லை, மீன் விற்றவர், மோந்து பார்ப்பது பழக்கம், நீங்களே பார்த்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நீளமாக எழுதினேன். ஒரு சிவப்பு இதயமும், ‘அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க’ என்று ஒரு வரியும் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அக்காவின் முகம் இறுகிவிட்டது.

"கேட்டா குடுக்கமாட்டான். புடுங்கணும்" என்றார்.

அவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. புதுக் கடை எது திறந்தாலும் வருவான், அவ்வளவுதான். அதனால் அக்கா இரண்டு நாளைக்கு ஒரு முறை பட்டுப்புடவையோடு வந்து, மாலில் ஒவ்வொரு கடையாக உட்கார ஆரம்பித்தார். அதுவரை வாளியும் துடைப்பமுமாகச் சுற்றிய இடத்தில், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெனு கார்டு கேட்டார். கீழே காபி கடையில் ஒரே ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்து, "கொட்டைய கருக்கிட்டு அதுக்கு ஒரு இங்கிலீசு பேரு வெச்சிகினு கீறான்" என்றார். மோமோவை உப்பில்லாத கொழுக்கட்டை என்றார். வாஃபிளைப் பார்த்து, "தோசக்கல்லுல கட்டம் போட்டுட்டா இவ்ளோ வெலையா" என்றார். சீஸ் கேக்கை மட்டும் மோந்து பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டு, பேசாமல் முழுவதையும் முடித்தார். அடுத்த முறையும் அதையே வாங்கினார். பழிவாங்க வந்த இடத்தில் ஒன்று பிடித்துப்போய்விட்டதே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம்.

அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "அவன் இன்னா பண்ணான்? நான் தட்ட மோந்தத எடுத்தான். அவனும் ஒரு தபா மோக்கட்டும். நீ எடு" என்றார்.

"நான் எடுக்கறேன்கா" என்று துள்ளினேன். என் மனத்தில் இருந்த பாரத்துக்கு அது மருந்து மாதிரி இருந்தது. மேனேஜரிடம் நான் சொன்னது அக்காவுக்குத் தெரியாது, இதைச் செய்து முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

முப்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாடியில் பபிள் டீ கடை திறந்தார்கள். அவன் வந்தான். தலையில் தொப்பி, தாடைக்குக் கீழே இறக்கிய கறுப்பு மாஸ்க். அக்கா அலைத்தட்டில் வஞ்சிரம் வறுவல் வாங்கி, பாதியைப் பிய்த்து ஓரமாகத் தள்ளி, பார்த்தால் மிச்சத் தட்டு மாதிரியே ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் போனைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா பாதித் தட்டோடு உட்கார்ந்திருந்த மேஜை, என் கடைக்கு நேர் எதிரே, முன்பு நடந்த அதே இடம்.

"தம்பி! அந்த வீடியோ தம்பி நீங்கதான?"

அவன் திரும்பினான். பட்டுப்புடவையைப் பார்த்துச் சிரித்தான். அவனே நாலு லட்சம் பேருக்குக் காட்டிய அக்காவின் முகம்தான் அது. அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. யூனிஃபார்மைத்தானே பார்த்திருந்தான்!

"ஆமாம்மா! என் வீடியோ பாப்பீங்களா?"

"எங்க குப்பமே பாக்குது. மீனுல உங்கள மாரி தெரிஞ்சவங்க இல்லியாமே. இத்த வஞ்சிரம்னு குடுத்தான். நெசந்தானா?"

அவன் குனிந்து பார்த்தான். "வஞ்சிரம்தாம்மா."

"பாத்தா இன்னா தெரியும்? தூக்கி மோந்து பாரு தம்பி."

இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி நன்றாக இழுத்தான். நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டு முகம், தொப்பி, இறக்கிய மாஸ்க், மிச்சத் தட்டு. ஒன்றும் குறையவில்லை.

"பக்கா வஞ்சிரம்மா. காலைல புடிச்சது. வேற லெவல்!"

அது சீலா, வஞ்சிரம் என்று ஏமாற்றி விற்கிற மலிவு மீன். வஞ்சிரத்தின் தோல் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. தட்டில் இருந்த துண்டின் தோலில் செதில் எடுத்த தடம் வரிசையாக இருந்தது. அக்காவோடு பழகிய எனக்கே நாலடி தள்ளி நின்றும் ஐஸ் வாடை தெரிந்தது. ஆறு நாளாவது இருக்கும்.

"நல்லா இரு தம்பி" என்றார் அக்கா. அவன் அவரோடு ஒரு செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டு போனான். போனதும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"சந்தோசம்டி" என்றார். "முப்பது நாளா இன்னிக்குத்தான் நெஞ்சு ஆறுது."

திருப்போரூரில் என் வீட்டில் மூன்று இரவு உட்கார்ந்து அந்த வீடியோவைச் செய்தேன். இருபது விநாடி. அதே புல்லாங்குழல். தட்டு மூக்குக்குப் போன இடத்தில் வெட்டினேன், அவன் வெட்டியது போலவே. மேலே அவன் சொன்னதையே எழுதினேன்: ‘பசி எவ்ளோ கொடுமை பாருங்க மக்களே. வேஸ்ட் பண்ற சாப்பாடு இந்த அண்ணனுக்கு விருந்து. மனசு உடைஞ்சிருச்சு.’ அக்காவிடம் காட்டியபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, இது பொய்தானே?"

"ஆமா, பொய்தான். அவந்து இன்னா, மெய்யா?"

என்னைப் பின்தொடர்கிறவர்கள் முந்நூறு பேர் கூட இல்லை. ஆனால் காசிநாதன் அண்ணன் அதைச் செக்யூரிட்டி குரூப்பில் போட்டார். அங்கிருந்து சமையல்காரர்கள், டெலிவரிப் பையன்கள், சிறுசேரி கேப் டிரைவர்கள் என்று போனது. தட்டு எடுக்கிறவர்களும் கழுவுகிறவர்களும் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர்களில் ஒவ்வொருவரும் அவனைப் போல ஒருத்தனுக்கு மேஜை துடைத்திருப்பார்கள் போலிருக்கிறது. மூன்றே நாளில் அவனுடைய வீடியோவை எட்டிப் பிடித்துவிட்டது. அவனுடைய பழைய வீடியோக்களுக்குக் கீழெல்லாம் ‘சாப்டியா கண்ணா’, ‘மிச்சம் இருக்கு வா’ என்று எழுதினார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்து ரசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நாலாம் நாள் காலை, கடை திறக்கும்போதே அவன் வந்து நின்றான். முதலில் போலீசுக்குப் போவேன் என்றான். தாராளமாகப் போ, முழு வீடியோவும் இருக்கிறது, அதில் சீலாவை வஞ்சிரம் என்று சொன்னதும் இருக்கிறது, அதையும் போலீசுக்குக் கொடுக்கிறேன் என்றேன். கடலோரப் பையனின் முகம் வெளுத்துவிட்டது. குரல் இறங்கியது.

"ப்ளீஸ் சிஸ்டர். ரெண்டு கம்பெனி கேன்சல் பண்ணிட்டாங்க. அதை விடுங்க. எங்கம்மாவே கேக்கறாங்க, ‘நெஜமாவே மிச்சத்த சாப்பிட்டியாடா?’ன்னு. சொன்னா நம்பமாட்டேங்கறாங்க."

அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன்.

"இன்னா கேட்டாளாம் அவங்கம்மா? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லு."

மூன்றாம் முறையும் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகுதான், "நாளைக் கழிச்சி கரைக்கு வரச் சொல்லு. ஏழு மணிக்கு. நீயும் கூட வா" என்றார்.

கரையில் படகுகள் வந்து ஒதுங்கியிருந்தன. பெண்கள் அன்னக்கூடையோடு வட்டமாக நின்றார்கள், நடுவில் மணலில் மீன் குவியல். அரசு வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டு படகோரமாக உட்கார்ந்திருந்தான். ஷூவில் மணல் ஏற ஹரிசங்கர் தடுமாறி நடந்து வந்தான். அக்கா ஏலக்காரரிடம், "அண்ணாத்த, ஒரு நிமிசம் நிறுத்து" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தம்மா அன்னைக்குச் சாப்பிடல" என்றான் அவன், காலைப் பார்த்துக்கொண்டு.

"எந்தம்மா? எனக்குப் பேரு கீது. கடலு சத்தம் போடுது, எவனுக்கும் கேக்கல. சத்தமா சொல்லு."

"குப்பம்மா... குப்பம்மா அம்மா மிச்சத்தைச் சாப்பிடல. மீனை மோந்து பாத்தாங்க. நான்தான் தப்பா போட்டேன்."

"அது யாரு வுட்ட மிச்சம்?"

"நான் விட்டது."

"கொட்டினத நீ பாத்தியா, இல்லியா?"

அவன் மறுபடியும் காலைப் பார்த்தான். "பாத்தேன். பாத்துட்டுதான் வெட்டினேன்."

"முழுசா இன்னொரு தபா சொல்லு. அதோ, அந்தப் படகாண்ட குந்திகினு கீறான் பாரு, அவன பாத்து சொல்லு."

அவன் அரசுவைப் பார்த்து முழுவதையும் மூன்றாம் முறை சொன்னான். குரல் உடைந்துவிட்டது. கூடைப் பெண்களில் ஒருத்தி, "அட தூ" என்று மணலில் துப்பினாள். அரசு எழுந்து நின்றான், கையில் நண்டு தொங்க, அம்மாவைப் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்தான்.

"என்னுத நான் அழிச்சிட்டேம்மா, நேத்தே" என்றான் ஹரிசங்கர். "உங்களுதையும் அழிக்கச் சொல்லுங்க."

"என்னுது எத்தினி நாளு ஓடிச்சு சங்கவி?"

"நாற்பது நாள்கா."

"இவந்து?"

"இன்னையோட ஆறு நாள்."

"அப்போ இன்னும் முப்பத்தி நாலு நாளு கீது" என்றார் அக்கா அவனிடம். "ஆவட்டும். அப்பால இந்தப் பொண்ணே அழிச்சிடும். நீ கெளம்பு, ஏலம் நடக்கணும்."

அவன் கெஞ்சிப் பார்த்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. தோள் குறுக அவன் மணலில் திரும்பி நடந்தபோது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இப்போ நீ" என்றார்.

"நானாக்கா?"

"அன்னிக்கு மேனேஜர் ரூமுக்கு வெளிய, தொடப்பத்த கைல வெச்சிகினு நான்தான் நின்னுகினு இருந்தேன். கதவு தொறந்துதான் இருந்திச்சு."

கூடைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஏலக்காரர் பார்த்தார். அரசு பார்த்தான். இத்தனை நாள் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையால் ஐஸ் வாங்கித் தின்று, என் போனில் சேர்ந்து சிரித்தவர் அவர். ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை. நான் பழிவாங்கக் கூட வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் பட்டியலில் இருந்திருக்கிறேன், கடைசி ஆளாக.

"குப்பம்மா அக்கா சாப்பிடல" என்றேன். "நான் பாத்தேன். மேனேஜர் கேட்டப்போ, கவனிக்கலன்னு பொய் சொன்னேன்."

"கடலு சத்தம் போடுது" என்றார் அக்கா.

இன்னொரு முறை சொன்னேன், கத்தி. அவர் முகம் மாறவில்லை. மூன்றாம் முறை சொல்லும்போது அழுதுகொண்டே சொன்னேன். ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனால் நின்றுதான் சொன்னேன். அவனுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?

அதற்குப் பிறகு ஏலம் தொடங்கியது. பெண்களில் ஒருத்தி, முதல் குவியலைக் காட்டி, "யக்கா, வந்து மோந்து பாரு" என்று கூப்பிட்டாள். அக்கா போய்க் குனிந்து, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கு மீனுதான்" என்றார். பிறகு நிமிர்ந்து படகுப் பக்கம் திரும்பினார்.

"அரசு, நல்லதா ரெண்டு மீனு எடுத்துகினு வூட்டுக்கு வா. இந்தப் பொண்ணு துன்னுட்டுப் போவட்டும்."

பெற்ற மகனிடம் அத்தனை நாளுக்கும் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. அவன் மீன் எடுக்கக் குனிந்தான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.